சுகந்தி இறந்தாளா, திறந்தாளா

மார்ச் 3, ஞாயிறு

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் எப்போதோ சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னாய் என்று கேட்டால் சாட்சிக்கு ஆள் இல்லை. ஆனால் சொன்னேன். ‘செவ்வாயில் ஒரு சொட்டு’ நாவலை என்றைக்காவது யாராவது கழற்றி மாட்டித்தான் ஆக வேண்டும், அன்றைக்குத் திருச்செங்கோட்டில் இந்தக் குழந்தைவேலுவை விட்டால் நாதி இருக்காது என்று. இன்று காலை பத்தரைக்கு அது பலித்தது.

பின்னால் இந்த டைரி அச்சில் வரும்போது படிக்கிறவர்களுக்காக விவரம் எழுதி வைக்கிறேன். 1986-இல் ஒரு வார இதழில் இருபத்தாறு வாரம் வந்த தொடர்கதை அது. எழுதியவர் ககனச்செல்வன். புனைபெயர். ஆள் யார், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. கேப்டன் தயாளனும் விஞ்ஞானி சுகந்தியும் செவ்வாய் கிரகத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறார்கள். சலூனில் அந்த இதழ் வந்தால், பாதி முகம் சோப்போடு ஆட்கள் சண்டை போட்ட காலம். நான் அப்போது போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். எட்டாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் பள்ளிக்கூடத்தில் விஷயம் இல்லை.

நாவல் என்னவோ பிரமாதம்தான். ஆனால் ஓட்டை அதிகம். தமயந்தி டீச்சர், பெண்கள் பள்ளியில் பிசிக்ஸ் நடத்துகிறவர், ஒரு நீள நோட்டில் நூற்றுப் பதினான்கு பிழைகளை எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் அத்தியாயத்தில் ராக்கெட்டில் புழுக்கமாக இருக்கிறது என்று தயாளன் ஜன்னலைத் திறந்து காற்று வாங்குகிறான். ஐந்தாம் அத்தியாயத்தில் செவ்வாய்க்கு மேலே போய்ச் சேர்ந்த பிறகு, அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பதால் இறங்காமல் ஒரு நாள் காத்திருக்கிறான்.

பழுது பார்க்கிற கமிட்டி நான்கு பேர். டீச்சர் ஒன்று. பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் ஜாபர் ஒன்று. கூட்டம் அவன் கடையில்தான். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் லோகு ஒன்று. இருபத்தாறு வாரத்தையும் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய புத்தகம் உலகத்திலேயே அவனிடம்தான் இருக்கிறது. தலைமைப் பொறுப்பு நான். அப்படி யாரும் அறிவிக்கவில்லை, அறிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

"ஏழாவது அத்தியாயம் போர் போடறதுங்க மாமா. அது உங்களுக்குத்தான்" என்றான் ஜாபர்.

மார்ச் 5, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வரும் என்று வாசலைப் பார்த்தபடியே பதினெட்டுப் பக்கம் எழுதினேன். சிலிண்டர் வரவில்லை.

சம்பூர்ணம் எட்டிப் பார்த்து, "என்னத்தைங்க அப்படி எழுதறீங்க?" என்றாள்.

"செவ்வாய் கிரகத்துல போர் போட்டுட்டு இருக்கேன்."

"போட்டுட்டு வரப்போ ரெண்டு தேங்காய் வாங்கியாங்க."

மார்ச் 10, ஞாயிறு

மூல நாவலில் தயாளன் அரை மணி நேரம் கையால் துளை போட்டதும் நாற்பது அடியில் தண்ணீர் பீறிடுகிறது. நாற்பது அடியில் தண்ணீர் வந்தால் நாங்கள் எல்லாம் எதற்குப் பீகார் வரைக்கும் வண்டி ஓட்டினோம்? என் அத்தியாயத்தில் அறுநூற்று இருபது அடி. முதல் எண்பது அடி சரிகிற மண், கேசிங் பைப் இறக்கியாக வேண்டும். முந்நூறில் கடும்பாறை. நானூற்றுப் பத்தில், பாறையைக் குத்தி உடைக்கிற ஹேமர் துளைக்குள் மாட்டிக்கொள்கிறது. அந்த இடத்தை நான் வாசித்தபோது ஜாபர் கண் கலங்கினான். தூசி என்று சொன்னான். மொத்தம் நாற்பத்தொரு பக்கம்.

"மாமா, இதுல கேப்டன் எங்கீங்க?" என்றான் லோகு.

"கம்ப்ரசருக்கு டீசல் வாங்கப் போயிருக்கான்."

டீச்சர் பேனாவை மேசையில் வைத்தார். "செவ்வாய்ல டீசல் எரியாதுங்க மாமா. ஆக்சிஜன் இல்லீங்க."

"அதனாலதான் அவன் இன்னும் வரல அம்மிணி."

எல்லாரும் என் சமயோசிதத்தை எண்ணிச் சிரித்தார்கள். டீச்சர் விடவில்லை. "காத்தழுத்தமும் நெம்பக் கம்மிங்க. தண்ணி மேல வந்த ஒடனே கொதிச்சு ஆவியாப் போயிரும்."

"கொதிச்சே வந்தா டீத்தூளப் போட வேண்டியதுதான். அடுப்பு மிச்சம்."

"சூடாகிக் கொதிக்காதுங்க மாமா. சில்லுன்னே கொதிக்கும்."

சில்லென்று கொதிக்கிற தண்ணீரை முப்பத்தைந்து வருஷத் தொழிலில் நான் பார்த்ததில்லை. "அதான் நானும் சொல்ல வந்தேன்" என்றேன். நாற்பத்தொரு பக்கம் ஒன்பதாகக் குறைக்கப்பட்டது. ஹேமர் மாட்டிக்கொள்வது மட்டும் அப்படியே இருக்கிறது. அது என் கையெழுத்து மாதிரி.

மார்ச் 17, ஞாயிறு

இன்று எங்கள் வாசகர் வட்டம் உடைந்திருக்கும். நான் இருந்ததால் தப்பித்தது.

காலையில் போனபோதே கடையில் கலவரம். புது ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் அழைப்பிதழைக் கையில் சுருட்டிப் பிடித்து ஜாபரைத் திட்டிக்கொண்டிருந்தார். ‘திறப்பு விழா’வில் ‘தி’ அடிக்க விட்டுப்போயிருக்கிறது. மீதி ‘றப்பு’ என்று நிற்க, ஜாபர் அதைத் திருத்துகிறேன் என்று அவசரத்தில் முன்னால் ‘இ’ போட்டுவிட்டான். ‘எங்கள் புதிய கிளையின் இறப்பு விழாவுக்குக் குடும்பத்துடன் வருக’ என்று முந்நூறு கார்டு. "எங்க மாமனார் போன் பண்ணி யாருக்கு என்னாச்சுன்னு அழுகறாருங்க!" என்றார் அந்த மனிதர். ஜாபர் அத்தனையும் திரும்ப அடித்துத் தருவதாகச் சொல்லி அனுப்பிவைத்தான்.

பிறகு பத்தொன்பதாம் அத்தியாயத்துக்கு வந்தோம். இந்த நாவலிலேயே பெரிய ஓட்டை இதுதான். கடைசி வரிகளை லோகு எழுந்து நின்று வாசித்தான்:

‘சுகந்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். கூந்தலை ஒதுக்கினாள். கதவை நெருங்கினாள். இறந்தாள். "போய்விட்டாயா சுகந்தி?" என்றான் தயாளன், கண்களைத் துடைத்தபடி.’

எதனால் செத்தாள் என்று ஒரு வார்த்தை கிடையாது. சரி, விதி என்று விடலாம். இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் அவளே ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டு முணுமுணுக்கிறாள். அதற்கும் ஒரு வார்த்தை கிடையாது. முப்பத்தெட்டு வருஷமாக ஊரே கேலி செய்கிற இடம்.

"செத்தது செத்ததுதானுங்க" என்றான் லோகு. "இருபத்திரண்டுல இருந்து அவள எடுத்துருவோம். நான் அப்ப ஏழாவது. அந்த வாரம் ஸ்கூலுக்கே போகாம அழுதேன். இப்ப வந்து சாகலைன்னா, நான் அழுததுக்கு யாரு பதில் சொல்றது?"

"ஏன்டா, உன்ற அழுகைக்காக ஒரு பொம்பளைய சாகடிக்கிறதா?" என்றான் ஜாபர். "எங்கூட்ல விட்டிருந்தா என்ற புள்ளைக்கே சுகந்தின்னு பேரு வெச்சிருப்பேன். அவ செத்தா நான் டைப் அடிக்க மாட்டேன்."

"அவ பொழச்சா நான் புஸ்தகம் தர மாட்டேன்."

லோகு பைண்டு புத்தகத்தைத் துண்டில் சுற்றினான். ஜாபர் கம்ப்யூட்டரை அணைத்தான். டீச்சர் நோட்டை மூடினார். எல்லாரும் என்னைப் பார்க்காமல் எழுந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு எனக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைக்கிற இடம் இந்த ஊரில் இது ஒன்றுதான். நான் இல்லாவிட்டால் அவர்கள் திண்டாடுவார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்போதுதான் எனக்கு அந்த பஸ் பிரயாணம் ஞாபகம் வந்தது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

"ஒக்காருங்கடா ரெண்டு பேரும்" என்றேன். "ஆத்தரே என்ற கிட்டச் சொன்னாரு."

1987. ஈரோட்டிலிருந்து திருச்செங்கோடு பஸ். பக்கத்து சீட்டில் ஒல்லியாக ஒருத்தர். என் கையில் அந்த வார இதழைப் பார்த்ததும் பேச்சுக் கொடுத்தார். அவர்தான் ககனச்செல்வன். ‘சுகந்தி சாகவே இல்லீங்க. நான் எழுதுனது திறந்தாள்னு. கதவை நெருங்கினாள், திறந்தாள். அச்சுக் கோக்கறப்ப தி விட்டுப்போயி, யாரோ அதத் திருத்தறேன்னு இ போட்டு இறந்தாள் ஆக்கிப்போட்டாங்க’ என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஜாபர் கம்ப்யூட்டரை மறுபடி போட்டான்.

லோகு துண்டை அவிழ்த்தான். அந்த வரியை மூன்று தரம் வாசித்தான். "கதவை நெருங்கினாள். திறந்தாள். போய்விட்டாயா சுகந்தி... அட கெரகமே! வெளிய போயிட்டியான்னுதான் கேக்கறான்!"

"கண்ணத் தொடச்சது?" என்றான் ஜாபர்.

"செவ்வாய்ப் புழுதிடா!" என்றான் லோகு. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். நாற்பத்தொன்பது வயசு ஆட்கள்.

டீச்சர் மட்டும், "எந்த மாசங்க மாமா?" என்றார்.

"வெயில் காலம்" என்றேன்.

நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

மார்ச் 18, திங்கள்

தேங்காய் வாங்க மறந்துவிட்டேன் என்று சம்பூர்ணம் பதின்மூன்று நாள் கழித்து ஞாபகப்படுத்துகிறாள். வரலாறு படைக்கிறவனிடம் தேங்காய்.

மார்ச் 24, ஞாயிறு

டீச்சர் ஒரு சந்தேகம் கிளப்பினார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தால், திறந்த கையோடு இறந்துதான் போவாள். திறந்தாள் என்றாலும் இறந்தாள், இறந்தாள் என்றாலும் இறந்தாள். அரை மணி நேர விவாதம். கடைசியில் ‘கூந்தலை ஒதுக்கினாள்’ என்பதற்குப் பிறகு ‘ஹெல்மெட்டை மறுபடி மாட்டினாள்’ என்று ஒரே ஒரு வரி சேர்த்தோம். நியூட்டன் மூன்று விதி எழுதிக் கண்டுபிடித்ததை நாங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டோம்.

ஜாபர் முன்னுரை எழுதியிருக்கிறான். அதில் பஸ் விஷயம் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. என் பெயர் நான்கு இடத்தில். "இதெல்லாம் எதுக்குடா, எனக்கு வெளம்பரம் புடிக்காது" என்றேன். மூன்று பேரும் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறையாகப் பார்த்தார்கள்.

மார்ச் 31, ஞாயிறு

சேலத்துப் பதிப்பகத்தார் ஒருவர் திருத்திய நாவலைப் புத்தகமாகப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரே நிபந்தனை: மூல ஆசிரியர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் புத்தகம் கிடையாது.

நான் நிம்மதியாக, "அவரு எங்கடா இருக்காரு, போய்ச் சேர்ந்து எத்தன வருஷமோ" என்றேன்.

"இல்லீங்க மாமா!" என்றான் லோகு, லாட்டரி விழுந்த முகத்தோடு. "பவானில இருக்காருங்க! ரிட்டயர்டு தமிழ் ஐயா. பொன்னுரங்கம்னு பேரு. மகள் கயல்விழிகிட்டப் பேசிட்டேன். ஆளு நல்லா நடமாட்டமா இருக்காராம்!"

பஸ்ஸில் பார்த்தபோது ரொம்ப இருமினார். இத்தனை வருஷம் தாங்குவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

கயல்விழி இன்று ஸ்பீக்கரில் பேசினாள். அதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா அந்த நாவல் பேரச் சொன்னாலே எந்திரிச்சு உள்ள போயிருவாருங்க. எங்கூட்ல அந்தப் பேச்சே எடுக்கறதில்ல. உங்க முன்னுரைய பயந்துட்டேதான் படிச்சுக் காட்டுனேன். முழுக்கக் கேட்டாரு. ரெண்டாந்தரம் படிக்கச் சொன்னாரு. பொறவு, ‘அந்த பஸ்ல வந்தவரக் கூட்டியாரச் சொல்லு. அவரப் பாத்துட்டுத்தான் கையெழுத்தப் பத்திப் பேசுவேன்’னுட்டாருங்க."

கடையில் கை தட்டினார்கள். ஜாபர் எனக்கு டீ வாங்கி வந்தான். டீ மிகவும் சூடாக இருந்ததால் குடிக்காமலே வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

முழங்கால் வலி. கடுமையானது. பவானி வரைக்கும் கார் பிரயாணமே ஆகாது.

சம்பூர்ணம் எண்ணெய் தேய்த்தபடி, "ஏனுங்க, எந்தக் கால்?" என்றாள்.

"ரெண்டும்."

"எம்பத்தேழு வெயில் காலம் பூராத்துக்கும் நீங்க பீகார்லதான இருந்தீங்க? பெரியவன் பொறந்ததுக்குக்கூட வரல. தந்தி குடுத்தோம்."

பெண்களுக்கு வருஷக் கணக்கு பிடிபடாது.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. முழங்கால் விஷயத்தை ஜாபரிடம் சொன்னேன். காரை வாசல் வரைக்கும் கொண்டுவந்து, என்னை நாற்காலியோடு தூக்கி வைப்பதாகச் சொல்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள்மேல் இவ்வளவு மரியாதை இருக்கக் கூடாது.

ஏப்ரல் 21, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஓட்டுப் பதிவு. டீச்சருக்கு எலெக்‌ஷன் டியூட்டி போட்டு, அலுப்பில் இன்னும் தூங்குகிறாராம். பவானிப் பிரயாணம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. ஜனநாயகத்தின் அருமை இன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஏப்ரல் 25, வியாழன்

டீச்சர் வீட்டுக்கு வந்தார். சம்பூர்ணம் காப்பி போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"மாமா, பஸ் நெசமா இல்லையான்னு நான் கேக்கப் போறதில்லீங்க. ஆனா அங்க போயி அந்தப் பெரியவர் ‘இவர யாருன்னே தெரியல’ன்னு சொல்லிட்டா, புஸ்தகமும் போச்சு, லோகுவும் ஜாபரும் ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க மாட்டாங்க. உங்கள அப்புறம் அந்தக் கடைப் பக்கமே சேக்க மாட்டாங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க. நான் ஏதாச்சும் காரணம் சொல்லி நிறுத்திப்போடறேன்."

எனக்கு நல்ல கோபம் வந்தது. "அம்மிணி, அறுநூறு அடி எறங்குன ராடு உள்ள மாட்டுனாக்கூட நான் விட்டுட்டு வந்தவன் இல்ல" என்றேன்.

"சரிங்க மாமா" என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். மூன்று ராடு விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

பவானி. விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இன்று நடந்தது என் வாழ்க்கையில் ஏற்கனவே நடந்த எதைப் போலவும் இல்லை.

லோகுவின் காரில் போனோம். குமாரபாளையம் பாலம் ஏறும்போது காவிரியில் பாறைதான் அதிகமாகத் தெரிந்தது. நான் இறங்கித் தண்ணீரைப் பார்த்து வரலாமா என்று கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை.

பெரியவர் ஹாலில் நேராக உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் சிவப்புப் பேனா. ஜாபர், திருத்திய நாவலின் தாள்களை அவர் மடியில் வைத்தான். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். சிவப்புப் பேனாவை எடுத்தார். அவர் போட்டது எல்லாம் ஒற்று. "கதவைத் திறந்தாள். இங்க ‘த்’ வரணும். ஏழாவதுலயே நடத்தியிருப்பாங்களே" என்று லோகுவைப் பார்த்தார். லோகு அறியாமல் எழுந்து நின்றுவிட்டான்.

பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கதான் அந்த பஸ்ஸுல வந்தவரா?"

"ஆமாங்க ஐயா" என்றேன். என் குரல் எங்கேயோ அறுநூறு அடியிலிருந்து வந்தது. "உங்களுக்கு ஞாபகம் இருக்காதுங்க. நெம்ப நாளாச்சு. எத்தனையோ பஸ்ஸு..."

அவர் ஜன்னலைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"அது வந்த வருஷம் நான் ஆறாவது, ஏழாவதுக்குத் தமிழ் ஐயா. புனைபெயர் எப்படியோ வெளிய தெரிஞ்சுபோச்சு. வருகைப் பதிவு எடுப்பேன். ஒருத்தன் வரலைன்னா பக்கத்துல இருக்கறவன் எந்திரிச்சு, ‘அவன் செத்துட்டானுங்க ஐயா, நாளன்னிக்கு வந்துருவான்’ம்பான். வகுப்பே சிரிக்கும். ரிட்டயர் ஆகற வரைக்கும் அதுதான். ஒரு வகுப்பு பாஸாகிப் போறப்ப அடுத்த வகுப்புக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போவானுக. அப்புறம் நான் ஒரு வரிகூட எழுதல."

எங்களில் சிரித்தவர்கள் யாரும் இல்லை என்று சொல்ல ஆசைதான். ஜாபர் இருமினான்.

பெரியவர் முன்னுரையைக் கையில் எடுத்தார். அந்தப் பக்கத்தை மெதுவாகப் படித்தார். பின்பு தாளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனேன். என்ன சொல்ல இருந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"ஞாபகம் இருக்குங்க" என்றார் அவர்.

எனக்குக் காது அடைத்துப்போயிற்று.

"நல்லா ஞாபகம் இருக்கு. நீங்க ஜன்னலோரம் ஒக்காந்திருந்தீங்க. நான் கேட்டதுக்கு எந்திரிச்சு எடம் குடுத்தீங்க. கடலைப் பொட்டலம் வாங்குனீங்க. டிக்கெட்டுக்குப் பின்னாடி நான் எழுதிக் காட்டல? ‘தி’ன்னு பெருசா? ஒரே ஒரு எழுத்துங்க. தொலைச்சுப்போட்டானுக."

கடலை, டிக்கெட் எல்லாம் முன்னுரையில் இல்லை. நான் யாரிடமும் சொன்னதும் இல்லை.

கயல்விழி காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். "அப்பா, உங்களுக்குத்தான் பஸ்ஸே ஆகாதே, எங்க போனாலும் ரயில்ல..." என்று ஆரம்பித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அப்படியே நிறுத்திவிட்டு, "சர்க்கரை போதுமாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

நான் விடுவேனா? "ஆமாங்க ஐயா, மழைகூட பெஞ்சுது" என்றேன்.

"பலத்த மழை" என்றார். "ஒழுகுச்சு."

"கண்டக்டர் குடை புடிச்சாரு."

"பஸ்ஸுக்குள்ளயே."

தமயந்தி டீச்சர் நோட்டைத் திறந்து, ‘எந்த மாசம்?’ என்று மார்ச்சில் எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

கையெழுத்துப் போடும் முன் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள், நாற்பது அடியையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் செவ்வாய்க்கிழமை இறங்காமல் காத்திருப்பதில் கை வைக்கக் கூடாது. "நம்ம ஊரு ஆளு எறங்குவானா? நீங்களே சொல்லுங்க."

டீச்சர் யோசித்தார். "அதுல பிசிக்ஸ் எதுவும் இல்லீங்க ஐயா. இருக்கட்டும்."

சிவப்புப் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டார். பொன்னுரங்கம் என்று எழுதி, அடித்து, ககனச்செல்வன் என்று எழுதினார். கயல்விழி சமையலறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. லோகு தன் பைண்டு புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தான், திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இருபத்திரண்டாம் அத்தியாயத்தைப் பெரியவரே வாசித்துக் காட்டினார். சுகந்தி பாட்டு முணுமுணுக்கிற இடத்தில் குரலை ஏற்றி, அவரே மெட்டுப் போட்டுப் பாடினார். மெட்டு சுமார்தான்.

வாசல் வரைக்கும் வந்தார். மற்றவர்கள் காரில் ஏறும்போது என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏனுங்க," என்றார் மெல்ல, "எந்த பஸ்ஸுன்னு எழுதியிருக்கீங்க? ஈரோட்டுல இருந்தா, சேலத்துல இருந்தா?"

"ஈரோட்டுல இருந்துங்க."

"ஈரோடு. சரிங்க. நாளைக்குப் பத்திரிகைக்காரங்க யாராச்சும் வந்து கேட்டா, ஆளுக்கொண்ணு சொல்லிரக் கூடாது பாருங்க." சட்டைப் பையிலிருந்து துண்டுத் தாளை எடுத்து எழுதிக்கொண்டார். "நான் எதுக்கு ஈரோட்டுக்கு வந்திருந்தேன்?"

"செருப்பு வாங்கறதுக்குங்க."

"அளவு?"

"எட்டுங்க."

"ஏழு" என்று திருத்தினார். பிறகு தாளை மடித்தபடி, என்னைப் பார்க்காமல், "எழுதறப்ப அவள எதுக்குக் கொன்னேன்னு எனக்கே இன்னும் புரிஞ்சதில்லீங்க. மூணு வாரம் கழிச்சுப் பாட்டு வெச்சப்ப, கொன்னதே ஞாபகம் வரல. வகுப்புல பசங்க சொல்லித்தான் தெரியும்" என்றார்.

நான் எதுவும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

ஏப்ரல் 29, திங்கள்

காலையில் தேங்காய் வாங்கி வந்தேன். நான்கு. சம்பூர்ணம் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜாபர் அட்டைப் படம் அனுப்பியிருக்கிறான். செவ்வாய் கிரகம், ரிக் வண்டி, கதவைத் திறந்து நிற்கிற சுகந்தி. ‘ஆசிரியர் ககனச்செல்வன். திருத்தம்: வாசகர் வட்டம்’ என்று கீழே. லோகு உடனே ஒரு செய்தி போட்டான்: பஸ்ஸையும் அட்டையில் ஒரு மூலையில் வைக்க முடியுமா என்று. டீச்சர் வேண்டாம் என்று மட்டும் எழுதினார். நானும் வேண்டாம் என்றேன். பெரியவர் கயல்விழி போனிலிருந்து, ‘வைக்கலாம். சிவப்பு நிறம். முன்பக்கக் கண்ணாடியில் விரிசல்’ என்று அனுப்பியிருக்கிறார்.

பின்னால் இந்த டைரி அச்சில் வந்தால் இந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். எழுதாமலும் இருக்க முடியவில்லை. அறுநூற்று இருபது அடி உண்மை, ஹேமர் மாட்டிக்கொண்டது உண்மை, பெரியவர் பாடினது உண்மை, நான் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டியதும் உண்மை. ஈரோட்டிலிருந்து அன்று கிளம்பின பஸ் மட்டும் கவர்மெண்டு விட்டதும் இல்லை, பிரைவேட் விட்டதும் இல்லை. அது நான் விட்டது.